மீசையில் மண் ஒட்டாத பதின்மூன்று நாட்கள்

உலகத் தலைவராக இருப்பது லேசான வேலை இல்லை எண்டு எல்லாரும் சொல்லுவார்கள். எவ்வளவு கஷ்டம் எண்டு பார்க்க 1962 ஒக்ரோபரை விட நல்ல உதாரணம் எங்களுக்கு அகப்படவில்லை. கென்னடி உறுதியாக நின்றார், குருஷேவ் பின்வாங்கினார், உலகம் தப்பியது என்று கியூபா ஏவுகணை நெருக்கடியை மூன்று வரியில் முடித்துவிடலாம். பரீட்சைக்கு அது போதும். உள்ளுக்குப் போய்ப் பார்த்தால் கதை வேறு.

ஒக்ரோபர் 14 இல் அமெரிக்க உளவு விமானமொன்று கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்களைப் படம் பிடித்தது. 16 ஆம் திகதி காலை விஷயம் கென்னடிக்குப் போனது. பேசாமல் இருக்கலாம், ஆனால் நவம்பரில் காங்கிரஸ் தேர்தல். குண்டு போடலாம், தளபதிகளுக்கு அதில்தான் விருப்பம். ஆனால் ஒரு ஏவுகணை மிஞ்சினாலும் ஒரு நகரம் போய்விடும். கதைத்துப் பார்க்கலாம், கதைத்து முடிப்பதற்குள் தளங்கள் தயாராகிவிடும்.

இவ்வளவையும் யோசிக்கிறது வெளியில் தெரியவும் கூடாது. தேர்தல் பிரசாரத்துக்கு சிக்காகோ போயிருந்த கென்னடி, 20 ஆம் திகதி தடிமன் எண்டு சொல்லிவிட்டு வாஷிங்டன் திரும்பினார். உலகம் அழியப்போகிற நேரத்திலும் வேலையில் இருந்து கழர மனிசருக்கு வேறு சாட்டுக் கிடைக்கவில்லை.

கடைசியில் கடலை மறிப்பதாக முடிவெடுத்தார்கள். 'முற்றுகை' என்று சொன்னால் சர்வதேச சட்டப்படி அது போர்ச் செயல். எனவே 'குவாரன்ரைன்' என்று பெயர் வைத்தார்கள். ஓம், கொரோனாக் காலத்தில் எங்களை வீட்டுக்குள் இருத்திய அதே சொல்தான். அந்த முறை அது கப்பல்களுக்கு.

மற்றப் பக்கம் குருஷேவின் பாடும் சுகமில்லை. 26 ஆம் திகதி கென்னடிக்கு நீண்ட கடிதமொன்று அனுப்பினார்: கியூபாவைத் தாக்கமாட்டோம் என்று உறுதி தாருங்கள், ஆயுதங்களை எடுக்கிறோம். அடுத்த நாள் மொஸ்கோ வானொலியில் இன்னொரு கடிதம்: துருக்கியில் இருக்கும் உங்கள் ஏவுகணைகளையும் எடுங்கள். இரண்டில் எதை நம்புவது? வெளிப்படையான பதிலை முதற் கடிதத்துக்கு எழுதுவது, துருக்கி விஷயத்தைக் காணாத மாதிரி இருப்பது என்று கென்னடியின் ஆட்கள் தீர்மானித்தார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்குப் பதில் போட்டுவிட்டு மற்றதை விடுகிறோமே, அதே உத்திதான்.

தொடர்பு வசதியும் பெரிதாக இல்லை. வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின், மொஸ்கோவுக்கான செய்திகளைத் தந்திக் கம்பனி மூலமே அனுப்பினாராம். அதை எடுத்துப்போகச் சைக்கிளில் ஒருவர் வருவாராம். உலகத்தின் தலைவிதி கொஞ்ச நேரம் ஒரு சைக்கிள் செயினில் தொங்கியிருக்கிறது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1963 இல் இரண்டு தலைநகரங்களுக்கும் இடையில் நேரடித் தொடர்பு போட்டார்கள்.

27 ஆம் திகதி பகிடிக்கு இடமில்லாமல் போனது. கியூபாவுக்கு மேல் அமெரிக்க விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். அப்படி நடந்தால் திருப்பி அடிப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். கென்னடி அடிக்கவில்லை, பொறுத்தார். கியூபாவில் ஏறக்குறைய 40,000 சோவியத் படையினர் இருந்ததும், களத்தில் பாவிக்கக்கூடிய அணுவாயுதங்கள் ஏற்கெனவே அங்கு வந்திருந்ததும் அவருக்குத் தெரியாது. 'அடி' என்று ஆலோசனை சொன்னவர்களுக்கும் தெரியாது.

அன்று இரவு கென்னடியின் தம்பி ரொபேர்ட், டோப்ரினினை இரகசியமாகச் சந்தித்தார். துருக்கி ஏவுகணைகளையும் பிறகு எடுப்போம், வெளியில் மட்டும் சொல்லக்கூடாது என்பது பேச்சு. காணாமல் விட்ட கடிதத்துக்கும் பின்கதவால் பதில் போய்விட்டது. 28 இல் குருஷேவ் சம்மதித்தார். 1963 ஏப்ரலுக்குள் துருக்கி ஏவுகணைகளும் போய்விட்டன. யானைக்கும் பானைக்கும் சரி.

ஆக, 'உறுதியாக நின்று வென்றார்' என்பது பாதிக் கதை. மீதிப் பாதி விட்டுக்கொடுத்தது. கென்னடிக்குக் கஷ்டமாக இருந்தது விட்டுக்கொடுப்பதை விட, விட்டுக்கொடுத்தது தெரியாமல் இருப்பதுதான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது என்பது வல்லரசுகளுக்கும் பொருந்தும். குருஷேவ் அந்த இரகசியத்தைக் காத்ததால் தோற்றவராகத் தெரிந்தார். 1964 ஒக்ரோபரில் பதவியும் போனது.

ஆனால் கவனியுங்கள்: கென்னடிக்கும் மீசை இல்லை, குருஷேவுக்கும் இல்லை. மீசை இருந்தது பிடல் கஸ்ட்ரோவுக்கு மட்டும்தான். மண் ஒட்டியதும் அவருக்குத்தான். கியூபாவின் மண்ணில் இருந்த ஏவுகணைகளை எடுப்பதாக முடிவெடுத்தபோது அவரை ஒருவரும் கேட்கவில்லை; செய்தியாகத்தான் அறிந்தார். கோபம் வராமல் இருக்குமா? அங்கு வாழ்ந்த எழுபது இலட்சம் சனத்திடம் யாரும் ஒரு சொல் கேட்டதாகவும் வரலாறு சொல்லவில்லை.

தலைவர்களின் கஷ்டமான தெரிவுகளைப் பற்றி நாங்கள் நிறைய வாசிக்கிறோம். அந்த மேசையில் கதிரை இல்லாதவர்களுக்குத் தெரிவே இருக்கவில்லை. அடுத்த முறை ஏதாவதொரு நெருக்கடி பற்றிய புத்தகத்தை எடுத்தால், யார் வென்றார் என்று தேடுவதற்கு முன் யாரைக் கேட்கவில்லை என்று தேடிப் பார்ப்போம்.