துவிச்சக்கர வண்டியும் ஊர்வாயும்

2022 மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, வாப்பாவின் பழைய ராலே சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, பாடசாலைக்குப் புறப்பட்டேன். எனது மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. முந்திய இரவு முழுவதும் வரிசையில் நின்று, சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ‘பெற்றோல் இல்லை’ என்ற மட்டையைத் தொங்கவிட்டதும் வீடு திரும்பியவன் நான். பாடசாலைக்கு ஒன்பது கிலோமீற்றர். பாதித் தூரம் பாலாவி - கற்பிட்டி வீதி, மீதி மிளகாய்த் தோட்டங்களுக்கு ஊடாகச் செல்லும் மணல் பாதை. போகும்போது கச்சான் காற்று முதுகில் தள்ளும். வரும்போது அதே காற்று நெஞ்சில் தள்ளும்.

காற்றைச் சமாளிக்கலாம். ஊர்வாயைச் சமாளிப்பதுதான் பாடாக இருந்தது.

சந்தித் தேநீர்க் கடையிலிருந்து முதல் குரல் வந்தது: “என்ன சேர், பைக்க வித்துட்டீங்களா?” என்னிடம் படித்து இன்று வசதியாக இருக்கும் ஒருவர் வாகனத்தை நிறுத்தி, “ஏறுங்க சேர், நீங்க இப்படிப் போறதப் பாத்தா எங்களுக்குத்தான் வெக்கம்” என்றார். அன்று மாலையே மச்சான் வீட்டுக்கு வந்து, சுற்றி வளைத்து, எனக்குக் கடன் ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார். முப்பது வருடமாகக் கெரியரில் பெட்டி கட்டி மீன் விற்கும் நானா ஒருவர் மட்டும்தான் பிரயோசனமான ஒரு வார்த்தை சொன்னார்: “சேர், சீற்ற ரெண்டு விரல் ஒசத்துங்க. இல்லாட்டி முழங்கால் போயிரும்.”

இரண்டு மாதத்தில் நிலைமை மாறியது. அந்த வருடத் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் 26ஆம் திகதி 470 என ஏறியது. மறுநாளோ அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். ஜூலை 25 முதல் பாடசாலைகள் வாரத்தில் மூன்று நாள் நடந்தன. அந்த நாட்களில் எங்கள் வீதியில் உத்தியோகத்தர்கள், வியாபாரிகள், பள்ளி நிர்வாகிகள் எல்லோரும் சைக்கிளில் போனார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வாப்பாவின் ராலேயை நல்ல விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள்.

2023 செப்டம்பரில் கியூ.ஆர். முறை நிறுத்தப்பட்டது. எல்லோரும் பைக்குக்குத் திரும்பினார்கள். எனக்கோ பழகிவிட்டது. செலவும் மிச்சம். நான் சைக்கிளை விடவில்லை. ஊர் மறுபடி பேசத் தொடங்கியது. ஆனால் இம்முறை கேள்வி வேறு: “சுகர் எவ்வளவு சேர்? டொக்டர் ஓடச் சொன்னாரா?” காசு இருப்பவன் சைக்கிளில் போக வேண்டுமானால் அவன் நோயாளியாக இருக்க வேண்டும். வறுமை, வியாதி, இந்த இரண்டைத் தவிர மூன்றாவது காரணத்தை ஊர் ஏற்றுக்கொள்வதில்லை.

இந்தச் சிரிப்பின் வரலாற்றை எழுதிப் பார்க்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. எழுதத் தொடங்கியதும், நான் மறக்க விரும்பிய ஒரு விடயம் அதற்குள் கிடந்தது.

சைக்கிள் எப்போதும் ஏழையின் வாகனமாக இருந்ததில்லை. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஸ்டார்லி என்பவர் இன்றைய வடிவிலான சைக்கிளைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அந்த வண்டிகள் இலங்கைக்கு வந்தபோது ஏறியவர்கள் துரைமாரும் அவர்களுக்குக் கீழிருந்த உத்தியோகத்தரும்தான். ‘துவிச்சக்கர வண்டி’ என்ற கனத்த வடமொழிப் பெயர் எங்கள் அரச படிவங்களில் இன்றும் அந்தப் பழைய மரியாதையைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் வருடாவருடம் அதற்கு லைசென்ஸும் எடுக்க வேண்டியிருந்தது. இரவில் விளக்கில்லாமல் போனால் பொலிஸ் பிடிக்கும்.

என் வாப்பாவுக்கு இந்த ராலே 1974இல் கல்யாணத்தின்போது உம்மா வீட்டார் கொடுத்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. புதிய சீமைச் சைக்கிளைக் காண்பது அரிது. இதுவும் கைமாறி வந்ததுதான். ஆனாலும் மாப்பிள்ளை சைக்கிளில் வருகிறார் என்று அன்று ஊர் எழும்பி நின்றதாம். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பத்துப் பதினைந்து வருடத்தில் அதே ராலே மீன் பெட்டிக்கும் தேங்காய்ச் சாக்குக்கும் உரிய வண்டியாயிற்று. இரும்பு அதேதான். பார்க்கிற கண்தான் மாறியது.

இனி 1990. ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் தஞ்சம் புகுந்தது எங்கள் மாவட்டத்தில். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டே மணித்தியாலம். வீடு, கடை, தையல் மிசின், சைக்கிள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். ஊரவர் முதலில் சோறு கொடுத்தார்கள், காணி கொடுத்தார்கள். அதை மறுக்க முடியாது. நாட்கள் நீள நீள ‘அகதி’ என்ற சொல் வாயில் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது. அதையும் மறுக்க முடியாது. பாடசாலைகளில் காலையில் எங்களுக்கும் மாலையில் அவர்களுக்குமாக வகுப்பு நடந்தது.

அந்த மாலைப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கிடுகுக் கொட்டிலில் தாயோடும் தம்பியோடும் இருந்தார். முகாமிலிருந்து பாடசாலைக்கு மூன்று மைல். பஸ்ஸை நம்ப முடியாது. 1991இன் நடுப்பகுதியில் யாரிடமோ பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, சேலைக்கு மேல் முக்காட்டை இறுக்கிக் குத்திக்கொண்டு, அதில் வரத் தொடங்கினார்.

எங்கள் கிராமத்தில் பெண் ஒருவர் சைக்கிள் மிதித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. வேலியோரத்தில் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். வாலிபர்கள் மணியடிப்பது போல் வாயால் ஒலி எழுப்பினார்கள். பெடியன்கள் நாங்கள் பின்னால் ஓடினோம். “யாப்பாணத்துப் பழக்கத்த இங்க கொண்டு வாறாங்க” என்று பெரியவர்கள் பேசினார்கள். உண்மையில் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது அன்றாடக் காட்சி. ஆனால் தங்கள் தெருவில் அதற்கும் பேச்சு இருந்ததாகவும், தமிழ்ச் சிநேகிதிகளோடு சேர்ந்து ஒளித்துப் பழகியதாகவும் பிற்காலத்தில் டீச்சரே என்னிடம் சொன்னார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பாடசாலை மதிலுக்குப் பின்னால் அந்தச் சைக்கிள் சாத்தியிருக்கும். நான் வால்கட்டையைக் கழற்றிக் காற்றை இறக்கினேன். ஒரு நாள் அல்ல, நான்கு நாள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஆனால் யாரும் ஏசமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தைரியத்தை ஊர்தான் கொடுத்தது.

டீச்சர் யாரையும் விசாரிக்கவில்லை. மஃரிப் நெருங்கும் நேரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டே மூன்று மைல் நடந்தார். ஒரு கிழமைக்குப் பின் பையில் கைப்பம்பு ஒன்று வந்தது. பிறகு, ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் முகாமுக்குப் போய் அவருடைய தம்பியிடம் ‘நல்ல விதமாக’ப் பேசினார்களாம். மார்க்கத்தில் இதற்குத் தடை எங்கே இருக்கிறது, ஒட்டகத்தில் ஏறிய பெண்களைப் பற்றி ஓதிக்கொடுக்கிற நாம்தான் இதைச் சொல்வதா என்று கேட்ட வயோதிப மௌலவி ஒருவரும் ஊரில் இருந்தார். அவர் குரல் எடுபடவில்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் டீச்சர் நடந்து வரத் தொடங்கினார். அந்தச் சைக்கிளைப் பிறகு ஒரு மீன் வியாபாரியிடம் கண்டேன். பின்னால் பெட்டி கட்டியிருந்தது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இதே 1991ஆம் வருடத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. கல்லுடைப்பவர்கள், வயல்வேலை செய்பவர்கள், தாதியர், ஆசிரியைகள் என ஒரு லட்சம் வரையான கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். முஸ்லிம் பெண்கள் பலரும் அவர்களில் இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகிவிட, பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அங்கேயும் ஆரம்பத்தில் கேலியும் ஆபாசப் பேச்சும் தாராளமாக இருந்தன. ஆனால் ஆட்சியர் பின்னால் நின்றார், சைக்கிள் வாங்கக் கடன் வழிசெய்யப்பட்டது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒருத்தி அல்ல, ஆயிரம் பேர் ஏறினார்கள். ஆயிரம் பேரின் டயரில் யார் போய்க் காற்றை இறக்குவது? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். புதுக்கோட்டையில் இருந்தது, எங்கள் வீதியில் 2022இலும் இருந்தது. டீச்சருக்குத்தான் இல்லாமல் போனது.

இதை முஸ்லிம் ஊர்களின் குறை என்று மட்டும் ஒதுக்கிவிடவும் கூடாது. 1897 மே மாதம், பெண்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, அங்கே படித்த ஆண்கள் சைக்கிளில் ஏறிய ஒரு பெண்ணின் கொடும்பாவியைச் செய்து நடுத்தெருவில் தொங்கவிட்டார்கள். முழுமையான பட்டம் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது 1948இல்தான். நம் காலத்துக்கு வந்தால், சவூதியில் ஹைஃபா அல் மன்சூர் 2012இல் எடுத்த ‘வஜ்தா’ என்ற படத்தின் கதையே, ஒரு சைக்கிளுக்கு ஆசைப்படும் பத்து வயதுச் சிறுமியின் கதைதான்.

இன்று கற்பிட்டி வீதியில் அபாயா அணிந்த ஆசிரியைகள் ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகிறார்கள். பெண் சைக்கிளில் ஏறுவது மார்க்கப் பிரச்சினை என்றால் ஸ்கூட்டியும் பிரச்சினையாக வேண்டுமே? ஆகவில்லை. ஸ்கூட்டி லட்சக்கணக்கில் விலை போகும் பொருள், அதில் ஒரு அந்தஸ்து இருக்கிறது. டீச்சரிடம் ஊர் பார்த்தது பெண் என்பதை மட்டுமல்ல, அகதி என்பதையும்தான் என்று இப்போது நினைக்கிறேன். சொந்த ஊர்க்காரர் ஒருவரின் மகளாக இருந்திருந்தால் அந்த இரண்டு பெரியவர்களும் அவ்வளவு இலேசாகப் படியேறியிருப்பார்களா?

யுத்தம் முடிந்தபின் டீச்சர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார். 2013இல் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வேலையாக அங்கே போயிருந்தபோது, விசாரித்துக்கொண்டு சோனகதெருவுக்குப் போனேன். பாதி இடிந்த வீட்டைத் திருத்தி இருந்தார். ஓய்வுபெற்றிருந்தார். பிளேன்டீ தந்தார். நான் ஆசிரியனாகியதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். ஆசிரியர் கலாசாலையில் யார் யார் படிப்பித்தார்கள் என்றெல்லாம் விசாரித்தார். புறப்படும் நேரத்தில், இருபத்திரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். “எத்தனை தரம் இறக்கினனீர்?”

“நாலு தரம், டீச்சர்.”

“ஆறு தரம் காத்துப் போனது. மற்ற ரெண்டும் ஆர்?”

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

2022இல், வாகனங்கள் ஓடாத அந்த மாதங்களில், என் மூத்த மகள் தென்னந்தோட்டத்து மணலில் வாப்பாவின் ராலேயில் காலைப் பாருக்குள் விட்டு மிதித்துப் பழகினாள். இப்போது சனிக்கிழமைகளில் வகுப்புக்குச் சைக்கிளில் போகிறாள். மச்சான் மறுபடியும் ஒரு தடவை வந்து சுற்றி வளைத்துப் பேசிவிட்டுப் போனார். தேநீர்க் கடையில் என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் இரண்டு கிழமையும் தனியாகப் போனாள். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையும் மீன் நானாவின் பேத்தியும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பம்பு, மகளின் பையில் இருக்கிறது.