கலர் பிலிம் கழுவும் வேலை வீட்டுக்கு வந்த கதை

பரணைச் சுத்தம் செய்யும்போது பல வீடுகளில் ஒரு பழைய பிலிம் ரோல் கிடைக்கிறது. படம் எடுத்து முடித்து, ஸ்டுடியோவில் கழுவக் கொடுக்க மறந்த ரோல். உள்ளே இருப்பது ஒரு கல்யாணமாக இருக்கலாம். இன்று நம்மோடு இல்லாத ஒருவரின் முகமாகவும் இருக்கலாம். கழுவித் தரும் கடைகள் அருகிவிட்டதால், கெமிக்கல் வாங்கி வீட்டிலேயே கழுவிப் பார்க்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. பிலிம் கேமராவைத் திரும்பக் கையில் எடுத்திருக்கும் இளைஞர்களுக்கும் இதே கேள்விதான். எந்தக் கெமிக்கலை வாங்குவது என்பது அந்த ரோல் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே முதலில் கொஞ்சம் வரலாறு.

மூன்று அடுக்கும் ஒரு சிக்கலும்

கலர் பிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளை உணரும் மூன்று அடுக்குகள் உள்ளன. டெவலப்பர், ஒளி பட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக மாற்றும்போது தானும் மாறுகிறது. அப்படி மாறிய டெவலப்பர் ‘கப்ளர்’ என்ற பொருளோடு சேர்ந்து சாயமாகிறது. ஜெர்மனியின் ருடால்ஃப் ஃபிஷர் 1912 வாக்கிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் கப்ளர்கள் ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு நழுவி நிறங்களைக் குழப்பின. இருபது ஆண்டுகளுக்கு மேல் இதற்குத் தீர்வு கிடைக்கவில்லை.

1935-இல் வந்த கோடாக்ரோம் பிலிம் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. அதை உருவாக்கிய மேன்ஸ், கோடவ்ஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள். அவர்கள் கப்ளரைப் பிலிமில் வைக்காமல் கழுவும் திரவத்தில் வைத்தார்கள். நிறம் அருமையாக வந்தது. கழுவுவதோ வீட்டில் நினைத்தே பார்க்க முடியாத வேலையாகிவிட்டது. 1936-இல் அக்ஃபா நிறுவனம் கப்ளரின் மூலக்கூறுக்கு நீண்ட வால் ஒன்றைச் சேர்த்து, அந்தந்த அடுக்கிலேயே நிற்க வைத்தது. 1942-இல் கோடாக், கப்ளரை நுண்ணிய எண்ணெய்த் துளிகளில் அடைத்து ‘கோடாகலர்’ நெகடிவ் பிலிமைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. கப்ளர் பிலிமுக்குள்ளேயே தங்கிவிட்டதால் கழுவும் வேலை எளிதாகும் வழி பிறந்தது.

நீதிமன்றம் திறந்த கதவு

வழி பிறந்தாலும் உரிமை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கோடாக் தன் கலர் பிலிமின் விலையிலேயே கழுவும் கூலியையும் சேர்த்து வாங்கியது. எடுத்து முடித்த பிலிம் திரும்ப அந்த நிறுவனத்துக்கே போகும். வேறு லேபுக்கு அதில் இடமில்லை. போட்டியை நசுக்குவதாக அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1954 டிசம்பரில் கோடாக் சமரசத் தீர்ப்புக்கு இணங்கியது. அதன்படி பிலிமைத் தனியாக விற்கவும், கழுவும் நுட்பத்தை மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்துச் சொல்லித்தரவும் வேண்டியதாயிற்று. வெளி லேப்கள் பெருகின. இன்று ஒருவர் கடையில் கெமிக்கல் வாங்கி வீட்டில் கழுவ முடிகிறது என்றால், அதற்கான முதல் கதவு திறந்தது அப்போதுதான்.

உலகம் முழுதுக்கும் ஒரே முறை

1950-களில் வந்த சி-22 என்ற முறையில் டெவலப்பர் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் இருக்கும். 1972-இல் சிறிய பாக்கெட் கேமராக்களுக்கான கோடாகலர்-2 பிலிமோடு சி-41 வந்தது. இதில் டெவலப்பரின் வெப்பநிலை 37.8 டிகிரி, நேரம் 3 நிமிடம் 15 விநாடி. டெவலப்பர் சரக்கும் மாறியது: முன்பு சிடி-3, இப்போது சிடி-4. சி-22-இன் பிளீச்சில் இருந்த ஃபெர்ரிசயனைடுக்குப் பதிலாக இரும்பு–இடிடிஏ உப்பு வந்தது. ஃபூஜி, கோனிகா, அக்ஃபா ஆகியவை பின்னர் தங்கள் பிலிமையும் இதற்கு ஏற்றபடி செய்துகொண்டன. ஃபூஜியில் சிஎன்-16 என்று பெயர், செய்முறை ஒன்றேதான். நம் ஊர் கலர் லேப்களில் ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் கிடைத்ததற்கும் இந்தப் பொதுமுறைதான் காரணம்.

ஊட்டியில் 1960-இல் அமைந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமை நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். கறுப்பு வெள்ளைப் பிலிமை 20 டிகிரியில் கழுவ, சென்னை வெயிலில் ஐஸ் கட்டி தேட வேண்டியிருந்தது. சி-41-இல் நிலைமை தலைகீழ்: கோடையில் நம் குழாய்த் தண்ணீருக்குக் கொஞ்சம் வெந்நீர் கலந்தாலே போதும்.

டப்பியைப் பாருங்கள்

கெமிக்கல் வாங்கும் முன் பிலிம் டப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சி-41 என்றிருந்தால் இன்றைய கிட் பொருந்தும். சி-22 பிலிமை 37.8 டிகிரியில் இறக்கினால் அதன் மேற்பூச்சு தாங்காது. இ-6 என்றால் ஸ்லைடு. அதற்கு வேறு கெமிக்கல். ஜெமினி, பிரசாத் போன்ற சினிமா லேப்களில் கழுவப்பட்ட சினிமா நெகடிவுக்கு இசிஎன்-2 என்ற தனி முறை; அதன் முதுகிலுள்ள கரிப்பூச்சை முதலில் நீக்கியாக வேண்டும். கோடாக்ரோம் கழுவிய உலகின் கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸில், 2010 டிசம்பர் 30-ஆம் தேதியோடு ரோல் வாங்குவதை நிறுத்தியது. இன்று அதைக் கழுவினால் கறுப்பு வெள்ளைப் படம் மட்டுமே எதிர்பார்க்கலாம்.

எந்த கிட்?

சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்த ‘பிளிக்ஸ்’ ஒரே பாட்டிலில் வரும். வேலை ஒன்று குறையும். ஆனால் பிளீச்சில் உள்ள இரும்பு ஃபிக்ஸரைத் தின்றுகொண்டே இருப்பதால் சீக்கிரம் கெடும். வலுவிழந்த பிளிக்ஸ் பிலிமில் வெள்ளியை விட்டுவைக்கும், நிறம் மங்கும். இரண்டும் தனித்தனியாக உள்ள கிட்டில் ஒரு வேலை கூடினாலும் நெடுநாள் உழைக்கும். மாதம் ஒரு ரோல் கழுவுகிறவர்களுக்கு இதுவே மேல்.

பிளீச்சில் குறை நேர்ந்தால், அதே பிலிமைப் புதிய பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் மறுபடி இட்டுச் சரிசெய்யலாம். டெவலப்பரில் நேர்ந்த குறைக்கு மாற்றே இல்லை. ஆகவே பழைய குடும்ப ரோலுக்குப் புதிதாகக் கலந்த டெவலப்பரையே பயன்படுத்துங்கள். முதலில் ஒரு புதிய ரோலைச் சோதனையாகக் கழுவிப் பாருங்கள். டெவலப்பர் காற்றுப் பட்டால் கறுக்கும். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள்.

கடைசிக் குளியலும் முக்கியம். பழைய பிலிம்களில் மஜந்தா சாயம் வெளுக்காமலிருக்க ஃபார்மால்டிஹைடு கலந்த ஸ்டெபிலைசர் தேவைப்பட்டது. பிற்காலப் பிலிம்களில் கப்ளரை மாற்றியதால் அந்தத் தேவை போய்விட்டது. இப்போதைய ‘ஃபைனல் ரின்ஸ்’ பலவற்றில் அது இல்லை. 1980, 90-களின் ரோலென்றால் பழைய வகை ஸ்டெபிலைசர் உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதை ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள். சிடி-4 தோல் அரிப்பை உண்டாக்கும், கையுறை கட்டாயம். சமையல் பாத்திரத்தில் எதையும் கலக்க வேண்டாம்.

சிங்க்கில் ஊற்றாதீர்கள்

கழுவி முடித்த ஃபிக்ஸரிலும் பிளிக்ஸிலும் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். பெரிய லேப்கள் அதைப் பிரித்தெடுத்து விற்றன. வெள்ளி, நுண்ணுயிர்களுக்கு ஆகாது. நம் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமோ நுண்ணுயிர்களை நம்பியே ஓடுகிறது. பயன்படுத்திய ஃபிக்ஸரையும் பிளிக்ஸையும் பெயர் எழுதிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். நம்மில் நான்கைந்து பேர் கழுவத் தொடங்கினால், சங்கம் ஒரு பொதுக் கேன் வைப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

டப்பியில் எழுத்து அழிந்திருந்தால் திறக்க வேண்டாம். ஈரம் படாத ஒரு டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இத்தனை வருடம் காத்திருந்த ரோல் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும்.