பிளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820–1910): கல்வி, கலை, தொண்டு

வரலாற்றில் சிலருடைய பெயர் ஒரே ஒரு காட்சியோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும், கையில் விளக்கேந்திக் காயமுற்ற போர்வீரரிடையே இரவில் நடந்து செல்லும் ஒரு பெண்ணின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அருளுரைகளிலும் ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும் நாம் பெரிதும் எடுத்தாள்வது இவ்வுருவத்தையே. ஆயின் அம்மையார் போர்க்கால மருத்துவமனைகளில் பணியாற்றியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைந்த காலமே. அவர் வாழ்ந்ததோ தொண்ணூறு ஆண்டுகள். எஞ்சிய ஆண்டுகளில் அவர் செய்தது என்ன என்று நாம் கேட்போமாயின், இரக்கத்திற்கும் அறிவுக்கும் உள்ள உறவைப் பற்றிய கடினமான ஒரு வினாவை எதிர்கொள்கிறோம். இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது அவ்வினாவையே.

1. கற்றலும் அழைப்பும்

செல்வமிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், 1820 மே 12ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் இடப்பட்டது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் வில்லியம் ஸ்மித், அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர். தந்தையார் தாமே ஆசிரியராக அமர்ந்து, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகிய மொழிகளையும் வரலாற்றையும் மெய்யியலையும் தம் இரு புதல்வியருக்கும் கற்பித்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்த காலம் அது. கணிதம் கற்கவேண்டும் என்ற பிளாரன்ஸின் வேட்கையைப் பெற்றோர் முதலில் விரும்பவில்லை. எனினும் அவர் விடியற்காலையில் எழுந்து அதனைப் பயின்றார்.

1837 பிப்ரவரி 7ஆம் நாள், தம் பதினாறாம் வயதில், கடவுள் தம்மைத் தம் பணிக்கு அழைத்தார் என்று அவர் குறித்துவைத்தார். எப்பணிக்கு என்பது அன்று தெளிவாகவில்லை. நோயாளரைப் பேணுதலே தம் பணி எனத் தெளிந்தபின், 1845இல் சால்ஸ்பரி மருத்துவமனையில் பயிற்சி பெற விழைந்தார், குடும்பத்தார் தடுத்துவிட்டனர். செவிலியர் தொழில் கல்வியறிவற்றோரின் கூலி வேலையாக அன்று கருதப்பட்டது. அழைப்பைக் கேட்டது முதல் ஒரு பொறுப்பை ஏற்றது வரை பதினாறு ஆண்டுகள் சென்றன. அழைப்புப் பெற்ற ஒரு பெண்ணுக்குப் பயிற்சியோ பணியிடமோ தர அவருடைய திருச்சபையிடம் அன்று ஏற்பாடு ஒன்றும் இல்லை என்பதை நாம் ஈண்டுக் கருதவேண்டும்.

2. கைசர்ஸ்வெர்த் காட்டிய வழி

அவர் தேடிய வாயில் ஜெர்மனியில் திறந்தது. ரைன் ஆற்றங்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரின் ஏழைச் சபைக்கு 1822இல் ஆயராக வந்தவர் தியோடர் பிளீட்னர். 1833இல் சிறையினின்று விடுதலை பெற்ற ஒரு பெண்ணுக்குத் தம் தோட்டத்திலிருந்த சிறு வீட்டில் இடமளித்தார். அச்சிறு தொடக்கத்தினின்று 1836இல் ஒரு மருத்துவமனையும் திருத்தொண்டியர் இல்லமும் வளர்ந்தன. பெபேயாளுக்குப் பவுலடியார் வழங்கிய ‘டயக்கோனொஸ்’ என்னும் பெயர் சீர்திருத்தச் சபைகளில் ஒரு பணித்துறையாக மீண்டும் உயிர்பெற்றது. பிளீட்னரின் துணைவியார் பிரீடரிக்கே இல்லையேல் இவ்வில்லம் இல்லை என்றே கூறலாம்.

1850இல் இரு வாரங்களும் 1851இல் ஏறத்தாழ மூன்று திங்களும் நைட்டிங்கேல் அங்குத் தங்கிப் பயின்றார். அவ்வில்லத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. பிற்காலத்தில் அதனை அவர் நினைவுகூர்ந்தபோது, அங்கு நிலவிய ஈடுபாட்டை மிகப் போற்றினார். ஆனால் செவிலிப் பயிற்சியும் தூய்மையும் மிகக் குறைவு என்றும் மறையாமல் எழுதினார். பக்தி நிறைந்த இடத்தில் அறிவுக்குக் குறையிருக்கலாம் என்னும் இக்கருத்தை நாம் மனத்திற் கொள்ளுதல் நலம். இங்கிலாந்துத் திருச்சபை 1862இல்தான் எலிசபெத் பெராடு என்பாரை முதல் திருத்தொண்டியாக ஏற்றது.

3. ஸ்குட்டாரி: இரக்கத்தின் எல்லை

கிரிமியப் போரின்போது, அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியருடன் 1854 நவம்பர் 4ஆம் நாள் அவர் ஸ்குட்டாரி சேர்ந்தார். அவர்களுள் கத்தோலிக்கக் கன்னியர் பதின்மர், ஆங்கிலிக்கச் சகோதரியர் பதினால்வர்; ஏனையோர் மருத்துவமனைகளில் கூலிக்குப் பணிபுரிந்தவர். சபைப் பிரிவுகளின் ஐயப்பாடுகள் தாயகத்தில் மட்டுமின்றிக் கட்டில்களுக்கிடையிலும் புகுந்தன. நோயாளியின் படுக்கையருகே மதமாற்ற முயற்சி கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

உணவு, துணி, தூய்மை ஆகியவற்றைச் சீர்படுத்த அவர் அயராது உழைத்தார். எனினும் 1855 பிப்ரவரியில், மருத்துவமனையில் சேர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியிலிருந்த கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மைப்படுத்திக் காற்றோட்டத்திற்கு வழிசெய்த பின்னரே இறப்பு விரைந்து குறைந்தது. விளக்கேந்திய கையின் அன்பு உண்மையானதே. ஆனால் தரைக்கு அடியில் இருந்த நஞ்சை அவ்விளக்கு காட்டவில்லை.

போர்வீரரின் மனநலத்தையும் அவர் மறக்கவில்லை. படிப்பகம் அமைத்தார், வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தார், ஊதியத்தைக் குடித்தழிக்காமல் வீட்டிற்கு அனுப்ப வழிவகுத்தார். ஆறு திங்களில் 71,000 பவுன் அவ்வாறு அனுப்பப்பட்டது. படைவீரன் திருந்தாதவன் என்ற மேலதிகாரிகளின் எண்ணத்திற்கு இதுவே தக்க விடையாயிற்று.

4. எண்ணும் கலையும்

1856இல் நாடு திரும்பிய அவர், புகழை நாடாது எண்களை நாடினார். புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் துணையுடன் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார். மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் காயத்தால் அன்று, தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டனர் என்பது புலனாயிற்று. தம் செவிலியர் பணியாற்றிய ஸ்குட்டாரியின் கணக்கையும் அவர் மறைக்கவில்லை. இவ்வுண்மையை நாடாளுமன்றத்தார் கண்ணால் காணவேண்டும் என்று, மாதத்திற்கு ஒரு கூறாகப் பன்னிரு கூறுகள் கொண்ட வட்டப் படங்களை 1858இல் வெளியிட்டார். தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, பிறவற்றிற்குக் கறுப்பு. அவ்வாண்டே புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

கலை அவருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. இளமையில் இத்தாலிய இசை நாடகங்களில் பெருவிருப்புக் கொண்டிருந்தார். 1847–48இல் உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஓவியங்கள் அவரை ஆட்கொண்டன. செவிலியம் பற்றிய அவருடைய நூலில், சன்னல் வழியே தெரியும் காட்சியும் மலர்களின் நிறமும் நோயாளியின் உடலையே தொடுகின்றன என்று விளக்கினார். நரம்பிசையும் குரலிசையும் நோயாளிக்கு இதமளிக்கும் என்றும் எழுதினார். நோயாளரைப் பேணுதலே ஒரு கலை, அதற்குப் பயிற்சி வேண்டும் என்பது அவர் கொள்கை. மக்கள் வழங்கிய ஏறத்தாழ 45,000 பவுன் நிதியைக்கொண்டு, 1860இல் இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

மெய்யியலிலும் இறையியலிலும் அவர் ஆழ்ந்திருந்தார். 1860இல் மூன்று தொகுதிகளாகத் தம் சமயச் சிந்தனைகளைத் தனியே அச்சிட்டார். பிளேட்டோவை மொழிபெயர்த்த பெஞ்சமின் ஜோவெட்டுக்குக் குறிப்புகள் எழுதி உதவினார். நோயினால் வீட்டைவிட்டு வெளிவர இயலாத அவருக்கு ஜோவெட் இல்லத்திலேயே திருவிருந்து வழங்கினார்.

5. ஏழையர் இல்லங்களை நோக்கி

லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், ஏழையரின் இல்லங்களுக்கே செவிலியரை அனுப்பும் முயற்சியை 1859இல் தொடங்கினார். அது வளர நைட்டிங்கேல் அறிவுரை வழங்கினார். 1865இல் அந்நகர ஏழையர் விடுதியின் மருத்துவமனைக்குப் பன்னிரு செவிலியருடன் ஆக்னஸ் ஜோன்ஸ் சென்றார். அவரும் கைசர்ஸ்வெர்த்தில் பயின்றவரே. 1868இல், தம் 35ஆம் வயதில், அங்கே தொற்றிய காய்ச்சலால் மாண்டார். 1892இல், எழுபது வயதைக் கடந்த நிலையிலும், பக்கிங்ஹாம்ஷயரின் சிற்றூர்களில் தாய்மாரை இல்லத்திலேயே சந்தித்து நலவாழ்வு கற்பிக்கும் பெண்களைப் பயிற்றும் திட்டத்தை நைட்டிங்கேல் வகுத்தார்.

6. இந்தியாவும் சென்னை மாகாணமும்

இந்தியாவிற்கு அவர் வந்ததேயில்லை. எனினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நம் நாட்டு நலனில் கருத்தூன்றினார். 1863இல் வெளியான அரச ஆணையக அறிக்கையின்படி, இங்கிருந்த ஆங்கிலப் படையினரில் ஆயிரத்திற்கு 69 பேர் ஆண்டுதோறும் மாண்டனர். அவர் சிந்தனை படைமுகாமோடு நிற்கவில்லை. சுற்றியுள்ள ஊர் நலமின்றி முகாம் நலமுறாது என்று கண்டார். 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க்காலத்திலேயே அவருக்கு அறிமுகமானவர்; அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1876–78இன் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, நிலவரிச் சுமையையும் வட்டிக் கொடுமையையும் எடுத்துக்காட்டி 1878இல் கட்டுரை எழுதினார். கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனக் கொள்கையை ஆதரித்தார்.

7. மதிப்பீடு

அம்மையாரிடம் குறைகளும் இருந்தன. நுண்ணுயிர்க் கொள்கையை நெடுங்காலம் ஏற்கத் தயங்கினார். செவிலியரை அரசு பதிவுசெய்வதை எதிர்த்தார். ஆங்கில ஆட்சி தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று அளவுக்கு மீறி நம்பினார். இக்குறைகளை மறைத்துப் புனிதராக்குதல், உண்மைக்கு அஞ்சாத அவருக்கே இழுக்காகும்.

1907இல் ‘ஆர்டர் ஆப் மெரிட்’ என்னும் விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910 ஆகஸ்டு 13இல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலய அடக்கம் மறுக்கப்பட்டு, அவர் விருப்பப்படியே கிழக்கு வெல்லோ சிற்றூர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அங்குள்ள கல்லில் அவரைக் குறித்து அவர் பெயரின் முதலெழுத்துக்களும் பிறப்பு, இறப்பு நாள்களும் மட்டுமே உள்ளன.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946இல் பட்டப்படிப்பு அளிக்கும் நிலைக்கு உயர்ந்தது. செவிலியர் கற்கவேண்டும் என்னும் கொள்கை நம் மண்ணிலும் வேரூன்றியது என்பதற்கு அது சான்று. ஆயினும் நம் சபைகளில் தொண்டு என்றாலே நல்லெண்ணம் போதும் என்னும் எண்ணம் இன்னும் நிலவுகிறது. ஸ்குட்டாரி நமக்குக் கூறுவது வேறு. அயலான் ஏன் மாள்கிறான் என்று கணக்கெடுத்து அறிய மறுக்கும் அன்பு, அவன் அருகில் நின்றுகொண்டே அவனை இழந்துவிடக்கூடும். கற்பதும் கணக்கிடுவதும் கால்வாயைத் தோண்டுவதும் இறைவழிபாட்டிற்கு அயலானவை அல்ல. இறையியல் பயிலும் நாம் இதனை நம் பாடத்திட்டத்திலும் ஆயர் பணியிலும் எவ்விடத்தில் வைத்திருக்கிறோம் என்பதை ஆராய்ந்து பார்த்தல் தகும்.