பரங்கிப்பேட்டையில் பொங்கிய சோறு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேரை அலை கொண்டுபோனது. பதினாறாம் நாள் காரியம் செய்ய, பல குடும்பங்களுக்கு வாசல்கூட மிஞ்சவில்லை.

அடுத்து நிவாரணம் வந்தது. கூடவே, சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற புகாரும் கரையோரமெங்கும் கிளம்பியது.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மாற்றுவது உங்கள் உரிமை இல்லை என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2002 கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தையோ, சுனாமிக்கு ஏழு மாதம் முன்பே அரசு கைவிட்டிருந்தது. நிவாரணத்தை மதப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தாதே என்கிறது செஞ்சிலுவை இயக்கத்தின் 1994 நடத்தை விதி. மீறினால் தண்டனை கிடையாது.

நான் மென்பொருள்காரன். 'சம்மதம்' பட்டனை அழுத்தாமல் அடுத்த பக்கம் போகமுடியாதென்றால், அது சம்மதமே இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பசியோடு நிற்பவரிடம் நீட்டும் பிரசுரமும் அப்படித்தான். அதுக்காக, துக்கத்தில் இருப்பவருக்குச் சுயபுத்தி கிடையாது, அவர் எதை நம்பணும்னு நாம் முடிவு செய்வோம் என்பதும் அவமதிப்புதான். அவர் நாளைக்கு மாறலாம், மாறாமலும் இருக்கலாம். சோறு அதற்கு நிபந்தனையாகக் கூடாது, அவ்வளவுதான்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டை. அங்கே முஸ்லிம் ஜமாத்தினர், ஓடிவந்த இந்து மீனவக் குடும்பங்களுக்கு இடம் கொடுத்தார்கள், பொங்கிப் போட்டார்கள். தங்கள் மதத்தை அவர்கள் மறைக்கவில்லை, விற்கவும் இல்லை. மத சுதந்திரம் என்று நான் புரிந்துகொள்வது அதைத்தான்.