இராக் மீதான தடை: எட்டிய நோக்கமும் எடுக்கப்படாத சுமையும்

பகை நாட்டின்மீது வணிகத் தடை விதிப்பதால் பயன் உண்டா என்ற விவாதத்தில், தடை பலிக்கும் என்பாரும் பலிக்காது என்பாருமாக அறிஞர்கள் பிரிந்து நிற்கின்றனர். இராக்கின் 13 ஆண்டு அனுபவம் இவ்விரு தரப்புக்கும் முழுமையாக இடம் தருவதில்லை. அங்கே தடை தன் முதன்மை நோக்கத்தை எட்டியது. எட்டிய பின்னரும் அது எடுக்கப்படவில்லை. அதன்பின் மக்கள் கொடுத்த விலைக்கு எந்த நியாயமும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குவைத்தை இராக் ஆக்கிரமித்த சில நாள்களில், 1990 ஆகஸ்ட் 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை 661ஆம் தீர்மானத்தின் மூலம் இராக்குடனான வணிகத்தை ஏறத்தாழ முழுவதுமாக முடக்கியது. எண்ணெய் விற்று உணவு வாங்கிய நாடு அது. குவைத்தை மீட்ட வளைகுடாப் போர் முடிந்ததும், 1991 ஏப்ரலில் வந்த 687ஆம் தீர்மானம் பேரழிவு ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஒழிக்கக் கோரியது. அதன் 22ஆம் பத்தி, இது நிறைவேறியதாக அவை ஒப்புக்கொண்டால் இராக்கின் ஏற்றுமதிக்கான தடை செல்லாததாகிவிடும் என்றது. அதாவது, தடை நீக்கத்துக்கு ஒரு விலை குறிக்கப்பட்டிருந்தது.

அந்த விலை பெரும்பாலும் கொடுக்கப்பட்டுவிட்டது. அணு ஆயுதத் திட்டம் 1991இலேயே முடிவுக்கு வந்தது என்றும், வேதி ஆயுதக் கையிருப்பும் அந்த ஆண்டிலேயே அழிக்கப்பட்டது என்றும் அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு 2004இல் அறிவித்தது. இராக் அதிபர் சதாம் ஹுசைன் சொல்லாமல் அழித்தார், உயிரியல் ஆயுதத் திட்டத்தை 1995 வரை மறைத்தார். ஐ.நா. ஆயுத ஆய்வாளர்களின் ஐயத்துக்கு அவரே காரணம். ஆனால் எதிர்த்தரப்பும் வாக்கைக் காக்கவில்லை. ஆயுதக் கடமைகளை நிறைவேற்றினாலே தடை நீங்கும் என்ற கருத்தை ஏற்கவில்லை என்று 1997 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் வெளிப்படையாகவே பேசினார். பணிந்தாலும் விடுதலை இல்லை என்று தெரிந்த அரசு எதற்காகப் பணியும்?

மனித விலையைப் பேசும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். தடையால் 5 லட்சம் குழந்தைகள் இறந்தனர் என்ற கூற்று இன்றும் மேற்கோளாக வலம்வருகிறது. அதற்கு ஆதாரமான 1999ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இராக் அரசு கைவைத்திருந்ததை ஆய்வாளர்கள் டைசன், செட்டோரெல்லி ஆகியோரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அந்த எண்ணை நாம் கைவிட வேண்டும். அது இல்லாமலும் வழக்கு வலுவானதே. 1990க்கு முன் அதிகாரபூர்வ மதிப்பில் ஒரு தினாருக்கு 3 டாலருக்கு மேல் கிடைத்தது. 1995இன் இறுதியில் வெளிச்சந்தையில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3,000 தினார் தரவேண்டியிருந்தது. ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலராகச் சுருங்கியது.

குடும்பங்கள் பங்கீட்டு அட்டையை நம்பி வாழ்ந்தன. மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, சமையல் எண்ணெய் எல்லாம் மாதந்தோறும் தெருக்கடை முகவர் வழியே வந்தன. வடக்கின் குர்து பகுதி தவிர மற்ற இடங்களில் அந்த அட்டை சதாம் அரசின் கையில் இருந்தது. ஆட்சியை வலுவிழக்கச் செய்ய வந்த தடை, ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் அந்த ஆட்சியிடமே ஒப்படைத்தது. 1996இல் நடைமுறைக்கு வந்த ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டம் பசியைத் தணித்தது. கூடவே ஆட்சிக்குக் கையூட்டு வருவாயையும் திறந்துவிட்டது. அந்தத் தொகை சுமார் 180 கோடி டாலர் என்று இத்திட்டத்தை விசாரித்த வோல்க்கர் குழு 2005இல் கணக்கிட்டது. இன்னொரு பக்கம், தடையை மேற்பார்வையிட்ட பாதுகாப்பு அவையின் தடைக்குழுவில் இருந்த 15 நாடுகளில் எந்த ஒன்றும் ஓர் இறக்குமதி ஒப்பந்தத்தை நிறுத்திவைக்கலாம். 2002 வாக்கில் இப்படித் தேங்கியவை 500 கோடி டாலரைத் தாண்டின. குடிநீர், மின்சாரத் துறைக்கான கருவிகளும் அவற்றுள் அடக்கம். என் பார்வையில், இந்தத் தடையின் மிகக் கொடிய பகுதி மூடிய அறையில் நடந்த இந்த எழுத்துவேலைதான்.

சதாமின் படைபலத்தை மீண்டும் எழவிடாமல் தடுத்தது தடைதான் என்ற வாதத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு ஆயுத இறக்குமதித் தடையும் எண்ணெய் வருவாய்மீதான கண்காணிப்பும் போதுமானவை. குடிநீர்க் குழாய்க்குத் தடை தேவைப்படவில்லை.

கோளாறு தீர்மானத்தின் அமைப்பிலேயே இருந்தது. 661க்கு முடிவுநாள் இல்லை. நீக்குவதற்குத்தான் வாக்கெடுப்பு தேவை; எனவே ஒரே ஒரு வீட்டோ தடையை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. 2000 மே மாதத்தில் எத்தியோப்பியா, எரித்திரியா நாடுகள்மீது விதித்த ஆயுதத் தடைக்கு இதே அவை 12 மாதக் கெடு வைத்தது. கெடு முடிந்ததும் அது காலாவதியானது. வணிகத் தடைக்கும் இந்த விதியே பொருந்த வேண்டும். தொடர விரும்பும் நாடுகள் காரணம் காட்டி மீண்டும் வாக்குத் திரட்டட்டும். முடிவுநாள் குறிக்கப்படாத தடைத் தீர்மானத்துக்கு எந்த உறுப்பு நாடும் கை உயர்த்தக்கூடாது.