பிப்ரவரி நான்கு

சிறுசேரி மென்பொருள் பூங்காவில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், பிப்ரவரி நான்காம் நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் திருவுடை அறைக்கு வந்து தமது கைப்பேசியை என்னிடம் நீட்டினார். வரலாற்றில் அந்நாளில் நிகழ்ந்தவை அதில் வரிசையாக வந்திருந்தன. 2004-இல் முகநூல் தொடங்கப்பட்டது முதலிடத்தில் நின்றது. "ஃபாதர், எல்லாரும் இருக்காங்க. நம்ம அருளானந்தர் மட்டும் இல்லை" என்றார். அவருடைய குறையில் நியாயம் இருந்தது. ஆயினும் அப்பட்டியலை வாசிக்க வாசிக்க, நம் புனிதரின் திருநாளை வேறு யார் யாரோடு பகிர்ந்துகொள்கிறோம் என்ற எண்ணமே என்னுள் மேலோங்கிற்று.

1647-இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் வளர்ந்து, இயேசு சபையில் சேர்ந்து, மதுரை மறைப்பணித்தளத்திற்கு வந்து பண்டாரசாமியாக வாழ்ந்தவர் ஜான் டி பிரிட்டோ. 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். அதன்பின் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டும், அங்கேயே தங்கிவிட மறுத்து 1690-இல் திரும்பி வந்தார். 1693 ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று தடியத்தேவர் என்னும் மறவர் குலத் தலைவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். பல மனைவியரை உடையவர் அவர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் இளையவளான கடலை, ரகுநாத கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் அரசரிடம் முறையிட்டாள். ஜனவரி 8 அன்று அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்தில் வைத்து வெளிப்படையாகக் கொல்லத் தயங்கிய சேதுபதி, அவரை ஓரியூரிலிருந்த தம் சகோதரரிடம் அனுப்பிவைத்தார். பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. அந்த மண்ணின் சிவப்பை இன்றும் திருப்பயணிகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

கடலையைப் பற்றி ஒரு சொல். நம் மறையுரைகளிலும் நாடகங்களிலும் அவளை ஏரோதியாளாகவே காட்டிவருகிறோம். திருமுழுக்கு யோவானுக்கும் இந்த யோவானுக்கும் உள்ள ஒப்புமை மேடைக்கு வசதியாக அமைந்துவிட்டது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பிரசங்கித்தேன். ஆனால் ஏரோதியாள் செய்தது பிறன்மனை வாழ்வு. கடலையோ அக்காலச் சீமை வழக்கப்படி முறையாக மணமுடித்து வந்தவள். தன் குற்றம் எதுவுமின்றி ஒரே நாளில் மனைவி என்னும் நிலையை இழந்தவள். திருமண ஒருமையைப் பற்றிய திருச்சபையின் போதனை சரியே. அதற்காக உயிர் கொடுத்தவர் புனிதரே. எனினும் அப்போதனையின் விலையில் ஒரு பங்கை அந்தப் பெண்களும் செலுத்தினார்கள் என்பதை நாம் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கொலைக்கு ஆணையிட்டது அரசு. பழி முழுவதும் பெண்ணின்மேல் விழுந்தது.

இனி அப்பட்டியலுக்கு வருவோம். 1906-இல் இதே நாளில் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர் தீத்ரிக் போன்ஹோஃபர். லூத்தரன் சபைப் போதகர். என்றாலும் எங்கள் குருமட நாட்களில் நாங்கள் விரும்பிப் படித்த இறையியலாளர். 1934-இல் காந்தியடிகளிடம் வந்து தங்கிக் கற்க விரும்பினார். அடிகளும் வரச்சொல்லி எழுதினார். பயணம் கைகூடவில்லை. 1939-இல் அமெரிக்காவில் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். இங்கே அருளானந்தரின் 1690-ஆம் ஆண்டுப் பயணம் நினைவுக்கு வராமற் போகாது. 1945 பிப்ரவரி 4 அவருடைய முப்பத்தொன்பதாம் பிறந்தநாள். அன்றுதான் யால்டாவில் முப்பெருந்தலைவர்கள் கூடி உலகைப் பங்கிடத் தொடங்கினார்கள். அவரோ பெர்லினில் நாஜி இரகசியக் காவல்துறையின் சிறையில் கிடந்தார். ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அவர் சந்திக்க விரும்பிய காந்தியடிகளுக்கும் இந்த நாளில் ஒரு காயம் உண்டு. 1922 பிப்ரவரி 4, சௌரி சௌரா. (பழைய நூல்கள் சில 5 என்று குறிக்கும், அரசு நூற்றாண்டு விழாவைத் தொடங்கியது 2021 பிப்ரவரி 4-இல்.) காவலர் சுட்டதில் சினமுற்ற கூட்டம் காவல் நிலையத்திற்குத் தீ வைத்தது, இருபதுக்கும் மேற்பட்ட காவலர் மாண்டனர். நாடு முழுவதும் கொதித்து நின்ற வேளையில் அடிகள் ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாநோன்பு இருந்தார். தம் தோழர்களே வெகுண்டதை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த வழக்கில் 19 பேர் பின்னர் தூக்கிலேறினர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1913-இல் அலபாமாவில் பிறந்த ரோசா பார்க்ஸ் அம்மையாரை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலேயே அறிவார்கள். 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த தையற்காரப் பெண். தொடர்ந்த புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது.

நமக்கு மிக அண்மையது இலங்கை. அருளானந்தர் புனிதராக உயர்த்தப்பட்டது 1947 ஜூன் 22. அதன்பின் வந்த முதல் பிப்ரவரி நான்கில், 1948-இல், இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அதை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் செல்வநாயகம், அவர் கிறிஸ்தவர். 1964-இல் இரு நாட்டுத் தலைவர்களும் செய்த உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. நீலகிரியின் தோட்டங்களில் இன்று வாழ்வோர் பலரின் பாட்டன் பாட்டியர் அந்தக் கணக்கில் அடங்கியவர்களே. 2016 பிப்ரவரி 4 அன்று கொழும்பில் நடந்த விடுதலை விழாவில் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது. 1949-க்குப் பின் அதுவே முதன்முறை.

இத்தனையும் சொல்லி முடித்தபோது அந்த இளைஞருக்கு அலுவலகப் பேருந்து வந்துவிட்டது. போகிற போக்கில், "அருளானந்தர் இறந்தது என்ன கிழமை ஃபாதர்?" என்று கேட்டார். புதன்கிழமை, திருநீற்றுப் புதன். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22-இல் வந்தால் மட்டுமே திருநீற்றுப் புதன் பிப்ரவரி நான்கில் விழும்; அதற்கு முந்தி வரவே வழியில்லை. 1693-க்குப் பின் 1761-இலும் 1818-இலும் அப்படி வந்தது. அடுத்து வரப்போவது 2285-இல்.