அரசியல் அறிவியல் பட்டதாரிகளுக்கான வேலைகள்: புத்தலப்பட்டு வட்டாரம்

புத்தலப்பட்டு, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் உள்ள மண்டலத் தலைமையூர். கர்னூல்–ராணிப்பேட்டை நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை இங்கேதான் பிரிகிறது. 2008 தொகுதி மறுவரையறையில் உருவான தனித் தொகுதிக்கும் இதே பெயர். தெலுங்கோடு தமிழும் புழங்கும் இவ்வட்டாரத்தில் அரசியல் அறிவியல், இண்டர்மீடியட்டில் ‘சிவிக்ஸ்’ என்ற பெயரில் அறிமுகமாகிறது. வரலாறு, பொருளியலோடு படித்தால் எச்.இ.சி.; பொருளியல், வணிகவியலோடு படித்தால் சி.இ.சி. பி.ஏ. முடித்தபின் முதுகலைக்கு அருகில் இருப்பது, 1954-இல் திருப்பதியில் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம்.

இந்தப் பட்டத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலை ஏறக்குறைய ஆசிரியப் பணி ஒன்றுதான். பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்க பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டி.எஸ்.சி. (ஆசிரியர் நியமனத் தேர்வு) என்று மூன்று படி ஏற வேண்டும். 2025 மெகா டி.எஸ்.சி.யில் எல்லாப் பிரிவுகளும் சேர்த்து 16,347 இடங்கள் அறிவிக்கப்பட்டன. ஜூனியர் கல்லூரியில் சிவிக்ஸ் விரிவுரையாளராக முதுகலை தேவை. பட்டக் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு நெட் அல்லது மாநில செட் தேர்ச்சியும் கேட்பார்கள். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண் வரம்பு குறைவு.

எந்தப் பட்டதாரியும் எழுதலாம் என்னும் தேர்வுகளே எண்ணிக்கையில் அதிகம். ஆந்திரப் பிரதேச அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (ஏ.பி.பி.எஸ்.சி.) குரூப்-1 வழியாகத் துணை ஆட்சியர், டி.எஸ்.பி., எம்.பி.டி.ஓ. எனப்படும் மண்டல வளர்ச்சி அலுவலர் ஆகிய பதவிகள் நிரப்பப்படுகின்றன. குரூப்-2 வழியாகத் துணைத் தாசில்தார், சார்பதிவாளர் போன்றவை. குரூப்-2 முதன்மைத் தேர்வில் அரசியலமைப்பு ஒரு முக்கியப் பகுதி. இத்துறை மாணவருக்கு அந்த அளவுக்கு வேலை மிச்சம். ஆனால் பொருளியலையும் அறிவியல்-தொழில்நுட்பத்தையும் புதிதாகப் படித்தாக வேண்டும். 2019 அக்டோபர் 2-இல் தொடங்கிய கிராம, வார்டுச் செயலகங்களுக்காகச் சுமார் 1.26 லட்சம் பணியிடங்கள் ஒரே வீச்சில் அறிவிக்கப்பட்டன. பஞ்சாயத்துச் செயலர், நலன் மற்றும் கல்வி உதவியாளர் முதலிய பதவிகள் இதில் அடங்கும். அப்படியொரு அறிவிப்பு ஒவ்வோர் ஆண்டும் வருவதில்லை.

ஒன்றியக் குடிமைப்பணித் தேர்வில் ‘அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும்’ என்ற விருப்பப் பாடத்துக்கு 500 மதிப்பெண். பொது அறிவு இரண்டாம் தாளும் பெரும்பகுதி அரசியலமைப்பு, ஆட்சிமுறை, பன்னாட்டு உறவு பற்றியதே. முதன்மைத் தேர்வைத் தமிழிலோ தெலுங்கிலோ எழுதலாம். ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பட்டியல் சாதி, பழங்குடியினர் 37 வயது வரை எத்தனை முறையும் எழுதலாம். தனித் தொகுதியான புத்தலப்பட்டில் பலரை இந்தச் சலுகை வருடக்கணக்கில் பயிற்சி மையங்களிலேயே தங்க வைத்துவிடக்கூடும். இடையில் பி.எட். அல்லது எல்எல்.பி. முடித்துக்கொள்வதே விவேகம்.

மூன்றாண்டு எல்எல்.பி.க்கு லாசெட் நுழைவுத் தேர்வு உண்டு. மாவட்ட நீதிமன்றம் சித்தூரில் இருப்பதால் வழக்கறிஞர் தொழிலுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளராகப் பணியாற்றும் லாம்ப் நல்கையை, 2005-இல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். என்னும் சட்டமன்ற ஆய்வு நிறுவனம் இளம் பட்டதாரிகளுக்கு வழங்குகிறது. தேர்தல் ஆலோசனை புதிய துறை: 2019 ஆந்திரத் தேர்தலில் ஐபேக்கும், 2024-இல் ஷோடைம் கன்சல்டிங்கும் எதிரெதிர்க் கட்சிகளுக்கு வேலை செய்தன. தேர்தல் முடிந்ததும் ஆட்களைக் குறைத்துவிடும் துறை இது. வாழ்நாள் வேலையாக எண்ணிப் போகக்கூடாது. நேரடி அரசியலுக்கு இந்தப் பட்டம் தேவைப்பட்டதே இல்லை. மக்களவைத் தலைவராக இருந்த திருச்சானூர் அனந்தசயனம் ஐயங்கார் வழக்கறிஞர். திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த சந்திரபாபு நாயுடுவின் பாடம் பொருளியல். 2024-இல் புத்தலப்பட்டில் வென்ற கலிகிரி முரளி மோகன் பத்திரிகையாளராக இருந்தவர்.

எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 371-டி பிரிவின்கீழ் 1975-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, மாநிலப் பணிகளில் பெரும்பங்கை உள்ளூர் விண்ணப்பதாரருக்கு ஒதுக்குகிறது. பத்தாம் வகுப்போடு முடியும் நான்காண்டு தொடர்ந்து எங்கே படித்தார் என்பதே முதலில் பார்க்கப்படும். பிள்ளையை வேலூரில் பள்ளிப்படிப்பு படிக்க வைத்தால் இங்கே ‘நான்-லோக்கல்’ ஆகிவிட வாய்ப்புண்டு. குரூப்-1 தேர்வில் தெலுங்குத் தாளிலும் தேறியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பணிக்குப் போட்டியிட்டாலோ, பிற மாநிலத்தவர் எந்தச் சமூகமாயினும் பொதுப்பிரிவில்தான் சேர்க்கப்படுவர். நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான ஸ்டடி சர்டிபிகேட்டுகளை அந்தந்தப் பள்ளியில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அவற்றைக் கேட்பார்கள்.